பஞ்சம் கட்டிய வானாய்வகம்

1876ஆம் ஆண்டு மழை பொய்த்தது. ஏரி குளங்கள் வற்றின. அடுத்த ஆண்டும் பருவம் தவறியது. தாது வருஷத்தில் தொடங்கியதால் ஊரார் அதைத் தாது வருஷப் பஞ்சம் என்றார்கள். அந்தப் பெயர் தென்னாட்டுக் கிராமங்களில் மூன்று நான்கு தலைமுறைக்குப் பயத்தோடு சொல்லப்பட்டது. 1878 வரை நீண்ட அந்தப் பஞ்சத்தில் செத்தவர்கள் ஐம்பது லட்சத்துக்கும் மேல் என்பது பொதுவான மதிப்பீடு. நிவாரண வேலைக்கு வந்த ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியம் போதும் என்று பிரிட்டிஷ் அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் கணக்குப் போட்டுக் கொடுத்தது அந்தக் காலத்தில்தான். மதராஸ் துறைமுகத்தில் தானிய மூட்டைகள் கப்பல் ஏறிக்கொண்டிருந்ததும் அதே காலத்தில்தான்.

அப்படி ஒரு பஞ்சத்திலிருந்து கிளம்பிய கேள்விதான் கொடைக்கானல் மலை உச்சியில் ஒரு வானாய்வகமாக நின்றது. மழை ஏன் பொய்த்தது, அதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா என்பது கேள்வி. வழி சூரியனில் இருக்கிறது என்று சிலர் சொன்னார்கள். சூரியனின் முகத்தில் தோன்றும் கரும்புள்ளிகள் ஏறத்தாழப் பதினோரு ஆண்டுக்கு ஒருமுறை பெருகிக் குறைகின்றன என்பது 1843லேயே தெரிந்த சங்கதி. இந்திய அரசின் புள்ளிவிவரத் துறைத் தலைவர் வில்லியம் ஹண்டர், மதராஸின் மழைக் கணக்கை எடுத்து அந்தப் பதினோரு ஆண்டுச் சுழற்சியோடு ஒட்டிப் பார்த்தார். புள்ளிகள் குறையும் ஆண்டுகளை ஒட்டித்தான் மழையும் குறைகிறது, பஞ்சம் வருகிறது என்று 1877இல் எழுதினார். லண்டனில் நார்மன் லாக்யர் அவரோடு சேர்ந்துகொண்டார். சூரியனில் ஹீலியத்தை இனம் கண்டவர்களில் ஒருவர் லாக்யர். அவர் சொன்னால் அரசாங்கம் காதில் வாங்கும்.

பஞ்சத்துக்கு வானம் மட்டுமே காரணமில்லை. டெம்பிளின் ஒரு ராத்தலும் துறைமுகத்து மூட்டைகளும் காரணம். அதைப் பேசுவதைவிடச் சூரியனைப் பேசுவது ஆள்வோருக்கு எளிதாக இருந்திருக்கும். ஆனாலும் அந்தக் கேள்வியை உண்மையாகவே எடுத்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். 1878 முதல் டேராடூனில் நாள்தோறும் சூரியனைப் படமெடுக்கத் தொடங்கினார்கள். அடுத்த தேவை, மழை மேகத்துக்கும் சமவெளிப் புழுதிக்கும் மேலே, தெளிந்த காற்றில் ஒரு நிலையான இடம்.

இடம் தேடும் பொறுப்பு மதராஸ் வானாய்வகத்துக்கு வந்து சேர்ந்தது. அது அப்போதே நூறு வயதை நெருங்கிக்கொண்டிருந்தது. 1786இல் வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி அதிகாரி எழும்பூரில் தன் சொந்தச் செலவில் வைத்திருந்த சிறு வானாய்வகம் அதன் வித்து. கிழக்கிந்தியக் கம்பெனி அதை எடுத்துக்கொண்டு 1792இல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் எழுப்பியது. கருவியைத் தாங்குவதற்காக நிறுத்திய ஒற்றைக் கருங்கல் தூணில் தமிழ், தெலுங்கு உட்படப் பல மொழிகளில் கல்வெட்டு வெட்டினார்கள். நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் அந்தத் தூண் இன்றும் நிற்கிறது. 1802இல் லாம்டன் பரங்கிமலைப் பக்கம் தொடங்கிய நாட்டின் பெரும் நில அளவை, தீர்க்கரேகைக்கு இந்த வானாய்வகத்தைத்தான் ஆதாரமாகக் கொண்டது. ரயில்கள் பார்த்து ஓடிய மதராஸ் நேரமும் இங்கிருந்து கணக்கிட்டதே.

1861இல் இதன் தலைவராக வந்தவர் நார்மன் போக்சன். விண்மீன்களின் ஒளியை வகுப்புப் பிரித்துச் சொல்வதற்கு உலகம் இன்றும் பயன்படுத்தும் அளவுகோல் அவர் வகுத்தது. வந்த ஆண்டே மதராஸிலிருந்து ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து அதற்கு ஆசியா என்று பெயர் வைத்தார். அவருக்குத் துணையாக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஒளி கூடிக் குறையும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். ஐரோப்பிய வானியலின் ஏட்டில் கண்டுபிடிப்பாளராகப் பதிவான முதல் இந்தியப் பெயர்களில் அது ஒன்று. 1874இல் வெள்ளி சூரியனைக் கடந்து போகும் நிகழ்வைச் சாதாரண மக்களுக்கு விளக்க இந்திய மொழிகளில் சிறு நூல் வெளியிட்டவரும் அவர்தான். கோள் கணிதமும் பஞ்சாங்கமும் குடும்பச் சொத்தாக வந்த பரம்பரையில் பிறந்து, தொலைநோக்கியின் பக்கம் வந்து நின்றவர். அவர் பெயர் நம் பள்ளிப் பாடங்களில் இருக்க வேண்டிய பெயர்.

தென்னிந்திய மலையொன்றில் இருபது அங்குலத் தொலைநோக்கி வேண்டும் என்று போக்சன் 1882இல் கேட்டார். கேட்டவர் 1891இல் இறந்தார். மலை ஏறிப் பார்த்தவர் வேறொருவர்: மதராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த சார்லஸ் மிச்சி ஸ்மித். அவர் நீலகிரியிலும் பழனி மலையிலும் தங்கி வானத்தின் தெளிவையும் காற்றின் அமைதியையும் ஒப்பிட்டார். மேகமில்லாத வானம் மட்டும் சூரிய ஆய்வுக்குப் போதாது. காற்று நடுங்கினால் தொலைநோக்கியில் சூரியனின் விளிம்பு கொதிக்கும் நீர்போலத் ததும்பும். புள்ளியின் நுட்பம் எதுவும் தெரியாது. பழனி மலையின் உச்சியில் காலை வேளைகளில் காற்று அசைவற்று நிற்பதை அவர் குறித்துக்கொண்டார். பகல் ஏறினால் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் எழும். ஆனால் அந்தக் காலைப் பொழுது போதும்.

1893 ஜூலையில் லண்டனில் கெல்வின் பிரபு தலைமையில் கூடிய குழு கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்தது. மிச்சி ஸ்மித்தே பொறுப்பாளர். 1895 அக்டோபரில் மதராஸ் ஆளுநர் வென்லாக் அடிக்கல் நாட்டினார்.

அன்றைய கொடைக்கானல் இன்று பேருந்தில் போய் இறங்கும் ஊரில்லை. 1845இல் மதுரை அமெரிக்க மிஷன்காரர்கள் காய்ச்சலுக்குப் பயந்து மலையேறி வீடு கட்டியதில் உருவான சிற்றூர். ரயிலில் வருகிறவர்கள் அம்மையநாயக்கனூரில் இறங்கி, மாட்டுவண்டியில் பெரியகுளம் பக்கம் மலையடிவாரத்துத் தோப்புக்கு வந்து, அங்கிருந்து ஒற்றையடிப் பாதையில் ஏறவேண்டும். வசதியுள்ளவர்கள் குதிரையிலோ, கூலியாட்கள் தோளில் சுமக்கும் நாற்காலியிலோ போனார்கள். சாமான்கள் தலைச்சுமையாக ஏறின. மோட்டார் ஏறும் சாலை அதற்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் வந்தது. மதராஸிலிருந்து பித்தளையும் இரும்பும் கண்ணாடி வில்லைகளுமாகக் கருவிகள் 2,343 மீட்டர் உயரத்துக்கு வந்த விதத்தை நினைத்துப் பார்த்தால், அவற்றைத் தூக்கி வந்தவர்கள்மீது மரியாதை வருகிறது. அவர்கள் பெயரை வானாய்வகத்தின் வரலாறு பேசுவதில்லை.

1899 ஏப்ரல் 1 அன்று நிர்வாகம் மதராஸ் அரசிடமிருந்து இந்திய அரசின் வானிலைத் துறைக்கு மாறியது. மதராஸின் வானியல் வேலை மலைக்குப் போனது. நுங்கம்பாக்கத்தில் நேரக் கணக்கும் வானிலைப் பதிவும் மிஞ்சின. 1901இல் கொடைக்கானலில் கண்காணிப்பு தொடங்கியது. மதராஸின் பழைய சொத்துகள் சிலவும் மேலே வந்தன. 1850இல் பாரிஸில் லெரெபூர், செக்ரெட்டான் பட்டறை செய்த ஆறு அங்குலத் தொலைநோக்கியை 1898இல் கிரப் நிறுவனம் திருத்திக் கொடுத்தது. வடக்குக் குவிமாடத்தில் சூரியனின் வெண்ணொளிப் படங்களை எடுத்துத் தள்ளியது அதுதான். ஜான் ஷெல்ட்டன் செய்த பதினெட்டாம் நூற்றாண்டு ஊசல் கடிகாரமும் மலையேறி வந்துவிட்டது.

இந்த இடத்தின் உயிர்நாடி 1904இல் கேம்பிரிட்ஜிலிருந்து வந்த கருவி. நிறமாலைச் சூரியப் படக்கருவி என்று அதைச் சொல்லலாம். அது வேலை செய்யும் விதம் அழகானது. நாற்பத்தாறு சென்டிமீட்டர் கண்ணாடி ஒன்று சூரியனைத் துரத்தித் திரும்பிக்கொண்டே ஒளியை ஒரு வில்லைக்குள் அனுப்பும். வில்லை அறுபது மில்லிமீட்டர் குறுக்களவில் சூரியனின் பிம்பத்தை விழவைக்கும். உள்ளங்கையில் அடங்கும் அளவு. அந்த அளவில் நம் பூமியை வரைந்தால் அரை மில்லிமீட்டர்ப் பொட்டு. பிம்பத்தின் குறுக்கே மயிரிழைப் பிளவு ஒன்று இருக்கும். அதில் புகுந்த ஒளி நிறங்களாகப் பிரியும். இரண்டாவது பிளவு அதில் ஒரே ஒரு நிறத்தை மட்டும், கால்சியம் அணுவுக்குரிய ஊதாக் கோட்டை, கே கோடு என்பார்கள், வடிகட்டி விடும். பிளவு பிம்பத்தின் மேல் மெல்ல நகர நகர, கண்ணாடித் தகட்டில் கோடு கோடாகச் சூரியன் எழுதப்படும். வெறும் கண்ணுக்குத் தெரியாத சூரியன் அது: புள்ளிகளைச் சுற்றி வெளிச்சத் திட்டுகளும், உடல் முழுக்கச் சிறு வலைப்பின்னலும். புள்ளிகளுக்கு வெளியே காந்தப்புலம் வலுவாக உள்ள இடமெல்லாம் அந்தத் தகட்டில் வெளுத்து நிற்கும். அது காந்தப்புலம் என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

கருவியைப் பழக்கியவர் 1907இல் உதவி இயக்குநராக வந்த ஜான் எவர்ஷெட். இங்கிலாந்தில் ரசாயனத் தொழிலில் இருந்துகொண்டு ஓய்வு நேரத்தில் சொந்தக் கருவிகளில் சூரியனை ஆராய்ந்தவர். 1898 கிரகணத்தைப் பார்க்க ஏற்கெனவே ஒருமுறை இந்தியாவுக்கு வந்து போனவர். கருவியைப் பிரித்துப் போட்டுச் சேர்ப்பதில் அவருக்கு இருந்த கைவண்ணம் பட்டப்படிப்புகளால் வருவதன்று.

1908இல் அமெரிக்காவின் மவுண்ட் வில்சனில் ஜார்ஜ் ஹேல், கரும்புள்ளிகளில் காந்தப்புலம் இருப்பதைக் கண்டுபிடித்தார். புள்ளி என்பது சுழன்றாடும் சூறாவளியாக இருக்க வேண்டும் என்று எண்ணம் போயிற்று. சுழல்கிறதென்றால் நிறமாலைக் கோடுகள் அதைக் காட்டிக் கொடுக்கும். நம்மை நோக்கி வரும் வாயுவின் கோடு ஊதாப் பக்கம் நகரும், விலகும் வாயுவின் கோடு சிவப்புப் பக்கம் நகரும். 1909 ஜனவரி 5 அன்று காலை வானம் மிகத் தெளிவாக இருந்தது. எவர்ஷெட் புள்ளியின் மேல் பிளவை வைத்துப் படமெடுத்தார். கோடுகள் நகர்ந்திருந்தன, ஆனால் சுழற்சிக்குரிய விதத்தில் இல்லை. புள்ளியைச் சுற்றியுள்ள மங்கல் வளையத்தில் சூரிய மையத்தைப் பார்த்த பக்கம் ஊதாவை நோக்கியும், சூரிய விளிம்பைப் பார்த்த பக்கம் சிவப்பை நோக்கியும் சாய்ந்திருந்தன. புள்ளி சூரியனின் நட்டநடுவே வந்தபோது சாய்வே இல்லை. வாயு சுழலவில்லை, புள்ளியின் மையத்திலிருந்து நாலாபக்கமும் தரையோடு தரையாக, நொடிக்கு இரண்டு கிலோமீட்டர் அளவு வேகத்தில், வெளியே ஓடுகிறது. நடுவில் உள்ளபோது அந்த ஓட்டம் நம் பார்வைக்குக் குறுக்காக நடப்பதால் கோட்டில் தெரிவதில்லை. எதிர்பார்த்ததைப் பார்க்காமல், இருப்பதைப் பார்த்து எழுதிய அறிக்கை அது. வானாய்வகத்தின் சொந்த வெளியீட்டில் அச்சானது. உலகின் சூரிய இயற்பியல் நூல்கள் எல்லாவற்றிலும் எவர்ஷெட் விளைவு என்ற பெயரில் இன்றும் அது உண்டு. அந்த ஓட்டத்தின் காரணத்தை முழுமையாக விளக்கும் வேலை ஒரு நூற்றாண்டாக நடக்கிறது.

அவரோடு வேலை செய்த இன்னொருவர் சம்பளப் பட்டியலில் இல்லை. மேரி எவர்ஷெட், மணமாவதற்கு முன்பே தென்கோள வானத்தின் விண்மீன்களுக்கு வழிகாட்டி நூல் எழுதியவர். சூரிய விளிம்பில் எழும் தீப்பிழம்புகளைப் பற்றிக் கணவரோடு சேர்ந்து எழுதிய பெரிய ஆய்வு 1917இல் கொடைக்கானல் வெளியீடாக வந்தது. இத்தாலியக் கவி தாந்தேயின் வானியலைப் பற்றிய அவருடைய நூல் 1914இல் வெளியானது. கொடைக்கானல் மலையில் இருந்துகொண்டு இடைக்கால இத்தாலியின் வானத்தை ஆராய்ந்த ஒருவர் நம் மாநிலத்தின் இலக்கிய வரலாற்றிலும் ஓர் இடம் பெறத் தகுந்தவர்.

1911இல் மிச்சி ஸ்மித் ஓய்வுபெற்று எவர்ஷெட் இயக்குநரானார். மிச்சி ஸ்மித் ஊர் திரும்பவில்லை. கொடைக்கானலிலேயே தங்கிக் கடைசி வரை அங்கேயே இருந்தார். 1912இல் புனேயில் வானியலாளர் நேகம்வாலாவின் வானாய்வகம் மூடப்பட, அங்கே பவநகர் மன்னரின் உதவியால் வாங்கப்பட்ட இருபது அங்குலத் தொலைநோக்கி கொடைக்கானலுக்கு வந்தது. அதே காலத்தில் ஹைட்ரஜனின் சிவப்புக் கோட்டிலும் அன்றாடப் படம் தொடங்கியது. ஐன்ஸ்டீனின் பொதுச் சார்பியல், சூரிய ஒளியின் கோடுகள் சற்றே சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்க வேண்டும் என்றது. அந்த நுண்ணிய நகர்வை அளக்க எவர்ஷெட் தகடுகளோடு ஆண்டுக்கணக்கில் மல்லாடி, அது உண்மை என்ற பக்கம் வந்து சேர்ந்தார். 1923இல் அவருக்குப் பின் வந்த தாமஸ் ராய்ட்ஸ், ஆல்ஃபா துகள் என்பது ஹீலியமே என்று ரதர்ஃபோர்டோடு சேர்ந்து நிரூபித்தவர். 1937இல் ஏ. எல். நாராயண் இயக்குநரானார்; அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் இந்தியர்.

மழைக் கேள்வி என்னவாயிற்று? கொடைக்கானலை நிர்வகித்த வானிலைத் துறையின் தலைமைக்கு 1904இல் கணித மேதை கில்பர்ட் வாக்கர் வந்தார். கரும்புள்ளிக்கும் மழைக்கும் உள்ள உறவைக் கணக்கில் போட்டுப் பார்த்தார். மழையை முன்னறிவிக்க நம்பும்படியான உறவு எதுவும் கிடைக்கவில்லை. வேறு இடங்களில் தேடியபோது, பசிபிக் கடலின் ஒரு புறம் காற்றழுத்தம் உயர்ந்தால் இந்தியப் பெருங்கடல் பக்கம் தாழ்வதையும், அந்த ஊசலாட்டம் பருவமழையோடு பிணைந்திருப்பதையும் கண்டார். பசிபிக் கடல்நீர் சூடேறும் எல் நினோவைப் பற்றி இன்று நாம் பேசுவதெல்லாம் அங்கிருந்து கிளைத்தது. 1877இல் பசிபிக்கில் மிகக் கடுமையான எல் நினோ நிலவியது என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. தாது வருஷ வறட்சியின் வேர் கடலில் இருந்தது.

மூல நோக்கம் அப்படிக் கலைந்த பிறகும் கொடைக்கானலில் காலைப் படம் நிற்கவில்லை. இரண்டு உலகப் போர்கள் நடந்தன, ஆட்சி மாறியது, இயக்குநர்கள் வந்து போனார்கள். மேகம் விட்ட காலைகளில் எல்லாம் யாரோ ஒருவர் குவிமாடத்தைத் திறந்து, தகட்டைச் செருகி, நேரம் குறித்து, இருட்டறையில் கழுவி, பெட்டியில் அடுக்கினார். வானியலில் கண்டுபிடிப்புக்குப் பெயர் கிடைக்கிறது, பதிவுக்குக் கிடைப்பதில்லை. கொடைக்கானலின் மிகப் பெரிய சாதனை எவர்ஷெட் விளைவு என்றுதான் வழக்கமாகச் சொல்வார்கள். ஒரு நூற்றாண்டு அறுபடாமல் எடுத்த அந்தப் படங்களை அதற்கு ஒரு படி மேலே வைப்பதுதான் நியாயம். எவர்ஷெட் கண்டதைச் சில ஆண்டுகள் கழித்து வேறொருவர் கண்டிருப்பார். 1920ஆம் ஆண்டின் ஒரு காலையில் சூரியன் இருந்த நிலையை இனி எவராலும் படமெடுக்க முடியாது.

சுதந்திரத்துக்குப் பின் ஏ. கே. தாஸ் இயக்குநராக இருந்தபோது பெரியதொரு கருவிக்கு வழி பிறந்தது: சுரங்கத் தொலைநோக்கி. பதினோரு மீட்டர் கோபுரத்தின் உச்சியில் உள்ள கண்ணாடிகள் ஒளியைக் கீழே இறக்கி, அறுபது மீட்டர் நீளச் சுரங்கத்துக்குள் கிடைமட்டமாக அனுப்பும். 36 மீட்டர் குவியத்தூரம் கொண்ட வில்லை முப்பத்து நான்கு சென்டிமீட்டர் குறுக்களவில் சூரியனை விழவைக்கும். அந்தப் பிம்பத்தில் பூமியின் அளவு மூன்று மில்லிமீட்டர். நிலத்துக்குள் காற்றின் வெப்பம் மாறாது என்பதால் சுரங்கம்.

அதை முழு வேலைக்குக் கொண்டுவந்தவர் 1960இல் முப்பத்திரண்டு வயதில் இயக்குநராக வந்த வைணு பாப்பு. சென்னையில் பிறந்தவர். மாணவப் பருவத்தில் ஹார்வர்டில் வால்நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தவர். விண்மீன்களின் கால்சியக் கே கோட்டின் அகலத்திலிருந்து அவற்றின் உண்மையான ஒளியைக் கணிக்கலாம் என்று 1957இல் அமெரிக்க வானியலாளர் ஓலின் வில்சனோடு சேர்ந்து காட்டியவர். எவர்ஷெட் காலம் முதல் கொடைக்கானல் படமெடுத்துவந்த அதே கோடு. இரவு வானத்துக்குக் கொடைக்கானல் பொருந்தாது, இரண்டு பருவமழையும் மேகத்தைக் கொண்டுவந்து கொட்டும் என்பதைப் பாப்பு சீக்கிரமே உணர்ந்தார். ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்து 1968இல் அங்கே முதல் தொலைநோக்கியை நிறுவினார். 1971இல் கொடைக்கானலும் காவலூரும் வானிலைத் துறையிலிருந்து விடுபட்டு, அவர் தலைமையில் இந்திய வான் இயற்பியல் நிறுவனம் ஆயின. தலைமையகம் பெங்களூருக்குப் போனது. 1982இல் அவர் மறைந்தார். காவலூரின் 2.3 மீட்டர் தொலைநோக்கிக்கு 1986இல் அவர் பெயரிட்டார்கள்.

மலை மேல் பெட்டிபெட்டியாக அடுக்கியிருந்த தகடுகளின் அருமையை உலகம் சற்றுத் தாமதமாகத்தான் உணர்ந்தது. சூரியனின் முகம் முழுக்கக் காந்தப்புலத்தை நாள்தோறும் நேரடியாக அளக்கும் வழக்கம் அரை நூற்றாண்டுப் பழமையானதே. அதற்கு முன்னர் என்ன நடந்தது என்று அறியக் கால்சியப் படங்களே சாட்சி, ஏனென்றால் அவற்றின் வெளிச்சத் திட்டு காந்தப்புலத்தின் நிழல்போல நடக்கிறது. மவுண்ட் வில்சனின் கால்சியப் படத் தொடர் 1915இல் தொடங்கி 1985இல் நின்றுவிட்டது. கொடைக்கானல் அதற்கு முன்பே தொடங்கி 2007 வரை தகட்டிலும் படச்சுருளிலும் தொடர்ந்து, பின் மின்னணுப் படத்துக்கு மாறியது. அவற்றைக் கணினியில் ஏற்றிப் பொதுவில் வைத்திருக்கிறார்கள். கரும்புள்ளிக் கூட்டங்கள் எந்தக் கோணத்தில் சாய்ந்து பிறக்கின்றன, சூரியன் நடுக்கோட்டில் வேகமாகவும் துருவத்தில் மெதுவாகவும் சுழல்வது சுழற்சிக்குச் சுழற்சி மாறுகிறதா, அடுத்த சுழற்சியின் வலுவை முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்று பல நாட்டு ஆய்வாளர்கள் இந்தப் படங்களை அளந்துகொண்டிருக்கிறார்கள். செயற்கைக்கோளும் மின்கட்டமைப்பும் சூரியப் புயலுக்கு அஞ்சும் காலம் இது.

2023 செப்டம்பர் 2 அன்று இந்தியா ஏவிய ஆதித்யா எல்-1 விண்கலத்தின் முதன்மைக் கருவியை, சூரியனின் ஒளிவளையத்தைப் பார்க்கும் கருவியை, உருவாக்கியது கொடைக்கானலைத் தன் பகுதியாகக் கொண்ட அதே இந்திய வான் இயற்பியல் நிறுவனம். அந்த விண்கலத்தில் புனே ஆய்வாளர்கள் செய்த புற ஊதாத் தொலைநோக்கி ஒன்றும் போயிருக்கிறது. சூரியனை அது படமெடுக்கும் ஒளிக்கோடுகளில் ஒன்று கால்சியத்தின் எச் கோடு. நிறமாலையில் கே கோட்டுக்கு அடுத்த வீடு. பதினைந்து லட்சம் கிலோமீட்டர் தொலைவிலிருந்து வரும் அந்தப் படங்களை, 1904 முதல் பழனி மலையில் எடுத்த படங்களுக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம்.